விவாதம் முடிந்ததற்கு ஒரு சான்றிதழ்

உங்கள் ஸ்டுடியோவில் இப்போது ஆறு பேர் உட்காரும் வளைந்த மேஜை இருக்கிறது. போன வாரம் வந்தபோது அதைத் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. நான் காஞ்சிபுரத்தில் ஒரு கேபிள் டிவியில் செய்தி ஆசிரியராக இருந்தபோது எங்களிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். ஒன்றுக்குக் கால் ஆடும். பிடிக்காத விருந்தாளியை அதில் உட்காரவைப்போம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா, வெளிச்சம், ஒலி எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் பண்ணிய ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். என் கையால் தட்டிய ஒரே ஒரு வார்த்தையில் வந்தது. அதைத் துடைக்க எனக்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

முதலில் அந்த இரண்டு நாற்காலிகளின் கதை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஊரில் ஒரு கோயில் ஊர்வலத்தில் எந்தக் கோஷ்டி முன்னால் பாடிக்கொண்டு போவது என்று தகராறு. நாங்கள் ஒரு கோஷ்டியின் பேட்டியை மட்டும் போட்டுவிட்டோம். மறுநாள் மற்றக் கோஷ்டியிலிருந்து நாற்பது பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். கத்தியிருந்தால் நாமும் கத்தலாம். அவர்களோ சுருதி சுத்தமாகப் பாடினார்கள். கேமராவை அவர்கள் பக்கம் திருப்பும் வரை நிறுத்தவே இல்லை.

அன்றைக்கு எங்கள் முதலாளி ஒரு சட்டம் போட்டார். அவர் கேபிள் கம்பத்தில் தானே ஏறிக் கம்பி இழுத்து முன்னுக்கு வந்தவர். பயந்தால் சட்டம் போடுவது அவர் வழக்கம்.

“இத பாருங்க மேடம். இனிமே எந்த மேட்டரா இருந்தாலும் ரெண்டு நாற்காலி. ரெண்டுலயும் ஆளு இருக்கணும். ஒண்ணு காலியா இருந்துச்சின்னா அந்த ப்ரோக்ராமே வேணாம்.”

அது நல்ல சட்டம்தான், நான் இன்றும் அப்படியே நினைக்கிறேன். பேருந்து நிலையத்தை மாற்றலாமா, சந்தையை எங்கே வைப்பது, எந்தக் கோஷ்டி முன்னால் என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. நான் நடுநிலையானவள் என்று ஊரில் பேர் வந்தது. அந்தப் பேர் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

அந்த வருடம் பங்குனியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலை மழை பெய்தது. பத்தே நிமிடம்தான். உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: சேலையின் நீளவாட்டு நூலுக்குப் பாவு என்று பேர். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, கோதிவிட்டுக் காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். விடியும்போது ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் சைக்கிளில் வருபவர்கள்கூட இறங்கி, சுவரை ஒட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அப்படி இழுத்துக் கட்டியிருந்தது ராணியம்மா என்ற நெசவாளரின் பாவு. மூன்று சேலைக்கான பட்டு. மழை நின்றபோது சாயம் திட்டுத் திட்டாக இறங்கி, இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போக வேண்டிய பட்டு கயிறாகிக் கிடந்தது.

நான் மைக்கை நீட்டினேன். ராணியம்மா அழவில்லை, கோபமாக இருந்தார்.

“ஐப்பசின்னா மானத்தைப் பாத்துக்கினே தான் பாவு போடுவோம். பங்குனில எவளாவது மானத்தைப் பாப்பாளாம்மா?”

தெருக்காரர்கள் பாவு போடுவதற்கு நீளமாக ஒரு கூரைக் கொட்டகை வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் மனுவை எழுதினாள். நன்றாக இருக்கட்டுமே என்று ‘பருவநிலை மாற்றத்தால் காலம் தப்பிய மழை பெய்வதால்’ என்று ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரியை நான் செய்தியில் வாசித்தேன். முதலாளி கண்ணில் அது பட்டது.

“சூப்பர் தலைப்பு மேடம். பூமி சூடாவறதுக்குக் காரணம் மனுசனா, இயற்கையா? ரெண்டு நாற்காலி. நேரலை.”

மனிதன் என்று சொல்ல ஆள் உடனே கிடைத்தது. உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியை. பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் தொழிலில் எனக்கு உருப்படியாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதுவும் என் தொழிலே அவருக்குத் தெரியாமல்.

இயற்கை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு வாரம் அலைந்தேன். ஊரிலிருந்த அறிவியல் ஆசிரியர் ஒருவரையும் விடவில்லை. வேதியியல் ஆசிரியர் ஒருவர், “நான் அப்படிப் பேசினா ப்ளஸ் டூ பசங்க சிரிப்பாங்க மேடம்” என்றார். இன்னொருவர் கதவைத் திறந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு ஜோசியர் முன்வந்தார், ஆனால் காரணம் சனி என்றார். முதலாளி யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். காரணம் செவ்வாய் என்று சொல்ல இன்னொரு ஜோசியர் வருவார், அப்புறம் நான்கு நாற்காலி வேண்டும் என்பது அவர் பயம்.

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆள் தேடி ஒரு வாரம் நாய் படாத பாடு படுகிறோம் என்றால், அப்படி ஒரு தரப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நாற்காலியை நிரப்புவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பாத்திரக்கடை ஏகாம்பரம் கிடைத்தார். பகலில் எவர்சில்வர் வியாபாரம், திருவிழாக் காலத்தில் பட்டிமன்றம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“எந்தப் பக்கம்மா?”

“இயற்கைதான் காரணம்னு பேசணும்.”

“பேசிடலாம். அடுத்த மாசம் கூரம் பட்டிமன்றத்துல மனுசன்தான்னு பேசறேன். அதுக்குள்ள இதை முடிச்சிக்கலாம்.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு நாள் குறித்தேன்.

நேரலை ஆரம்பித்தது. பேராசிரியைக்கு ஆடாத நாற்காலி கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்த நியாயம். அவர் நிதானமாகப் பேசினார். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து விட்ட புகை, பூமியைச் சுற்றிப் போர்வை மாதிரி தடித்துக்கொண்டே போகிறது என்றார். ஏகாம்பரம் எழுந்தே நின்றுவிட்டார்.

“எங்க தாத்தா காலத்துல வெயில் அடிக்கலையா? அப்ப எத்தினி பேரு கார் வெச்சிருந்தான் காஞ்சிபுரத்துல? எங்க தாத்தா மொட்டை மாடில வடாம் காய வெச்சாரே, அது பெட்ரோல்லயா காஞ்சிச்சி?”

எங்கள் கேமராமேன் சிரித்ததில் படம் ஆடியது. பேராசிரியையும் சிரித்துவிட்டார்.

“வெயில் எப்பவும் இருந்தது. சூரியன் கூடுதா குறையுதா, எரிமலை என்ன பண்ணுது, எல்லாத்தையும் பாத்துட்டோம். அதையெல்லாம் கழிச்சாலும் இந்தச் சூடு மிச்சம் நிக்கறது. அது நம்ம புகையால வந்தது.”

அப்போது தொலைபேசியில் ராணியம்மா வந்தார்.

“டீச்சரம்மா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கி எம் பாவு மேல பேஞ்சிதே, அந்த மழை நம்ம பண்ணதா, தானா வந்ததா?”

பேராசிரியை சொன்னார்:

“அந்த ஒரு மழையைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா.”

ஏகாம்பரம் கைகளைக் கூப்பினார். “கேட்டுக்குங்க. படிச்சவங்களே தெரியாதுன்னுட்டாங்க.”

பட்டுக்கடை விளம்பரத்துக்குப் போக அரை நிமிடம் இருந்தது. திரையின் கீழே ஓடும் வரியை நான்தான் தட்டச்சு செய்வேன். பரபரவென்று தட்டினேன்: ‘மழைக்குக் காரணம் தெரியாது: பேராசிரியை ஒப்புதல். விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்கிறது.’ அந்த ‘ஒப்புதல்’ என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, நான் சேர்த்தேன். ‘விவாதம் தொடர்கிறது’ என்பதும் யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்த ஒரே விவாதம் நானும் முதலாளியும் நாற்காலி போட்டு உண்டாக்கியது. அந்த வரி மறுநாள் காலை வரை ஊர் முழுக்க ஓடியது. முதலாளி எனக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன்.

ஆடி மாதம் ராணியம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் திரும்பி வந்த மனு, அதன் மேல் நகராட்சி அலுவலகத்தின் கடிதம். அதிலிருந்த வரி எனக்கு மனப்பாடம்: ‘மேற்படி பருவநிலை மாற்றம் குறித்து விஞ்ஞானிகளிடையே விவாதம் தொடர்வதாக உள்ளூர்த் தொலைக்காட்சி வாயிலாக அறியப்படுவதால், விவாதம் முடிவுற்ற பின் மனு பரிசீலிக்கப்படும்.’

நான் இரண்டு முறை படித்தேன். ராணியம்மா என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“விவாதம் எப்பம்மா முடியும்?” என்று கேட்டார். “ஐப்பசிக்குள்ள முடிஞ்சிடுமா?”

நான் கடிதத்தை மூன்றாவது முறையும் படித்தேன்.

“நீதான நடத்துன? நீயே முடிச்சி வுட்ரும்மா. கொட்டகை இல்லாம இன்னொரு பாவு போச்சின்னா நான் தறியை வுட்டுட்டு வேற வேலைக்குத்தான் போவணும்.”

வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் இருக்கிறது. அன்று மாலையே பேராசிரியை வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்தார். சிரித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், அது நல்ல அறிகுறி இல்லை.

“நாங்க சண்டையே போடறதில்லைன்னு நான் சொல்லலையே. தினம் போடறோம். எவ்வளவு சூடு ஏறும், எவ்வளவு சீக்கிரம், எந்த ஊருக்கு மழை கூடும், எதுக்குக் குறையும், எல்லாத்துலயும் சண்டை. ஆனா யார் பண்ணதுங்கற சண்டை எங்களுக்குள்ள முடிஞ்சு போச்சு மேடம். அதை உங்க டிவிலதான் திரும்ப ஆரம்பிச்சு வெச்சேள்.”

“நீங்க தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“தெரியாததைத்தான் தெரியாதுன்னேன். ஒரு நாள் காலை பத்து நிமிஷம் பெஞ்ச மழையை எதுல சேக்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியும்னு அடிச்சு விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன். பொய் சொல்லலைன்னு என்னைத் தோத்தவளாக்கிட்டேள்.”

இதை எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விருந்தாளி சின்ன விஷயத்தில் தெரியாது என்று சொன்னால், பெரிய விஷயத்தில் அவர் தெரியும் என்று சொல்வதை அப்போதுதான் நம்ப வேண்டும். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவரிடம் பாத்திரம் வாங்கலாம், தப்பில்லை.

வாசல் வரை வந்தவர் இன்னொன்றும் சொன்னார். “அது போகட்டும். கூரை போடறதுக்கு நான் எதுக்கு? மழை பெஞ்சா நனையும்ங்கறதுல யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?”

முதலாளியிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“விவாதம் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டா அடுத்த வாரம் இன்னாத்த மேடம் போடறது?”

“நடந்தது என் தப்பு. நான் சொல்லியே ஆகணும்.”

“சட்டம் சட்டம்தான். ரெண்டு நாற்காலி. எதிர்ல ஆளு வேணும். யாரு உக்காருவா?”

ஏகாம்பரம் கடைக்கு ஓடினேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

“நான் பேசறதை யாராச்சும் ஃபைல்ல வெப்பாங்களாம்மா? கூரத்துல இதையே தலைகீழாப் பேசிட்டு வந்தேன், அதுக்கும் கை தட்டுனாங்க. எம் பொண்டாட்டியே நான் பேசறதை நம்ப மாட்டா.” குடத்தை மறுபடி எடுத்துத் துடைத்தார். “நான் எதிர்ல உக்கார மாட்டேன். ஆனா போன் பண்றேன். கூலிக்குப் பேசினேன்னு என் வாயாலயே சொல்றேன்.”

ஆடாத நாற்காலியில் பேராசிரியை வந்து உட்கார்ந்துவிட்டார், எதிர் நாற்காலி அப்படியே காலியாக இருந்தது. நேரலைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாளி கதவருகே நின்று, “ஆளு எங்க?” என்றார். ஆடும் நாற்காலியை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்தேன். கால் என்னையும் ஆட்டிப் பார்த்தது.

‘ஒப்புதல் என்ற வார்த்தை என்னுடையது, பேராசிரியையுடையது அல்ல’ என்று ஆரம்பித்து நடந்தது அத்தனையும் சொன்னேன், ஆள் தேடி ஒரு வாரம் அலைந்ததையும் சேர்த்து. ஏகாம்பரம் சொன்னபடியே போன் செய்தார். கடைசியில் நான் பேராசிரியையிடம் கேட்டேன்: “விஞ்ஞானிகளுக்குள்ள விவாதம் இருக்கா?” அவர் சொன்னார்: “மனுஷன்தானா காரணம்ங்கறதுல இல்லை. எவ்வளவு, எப்போ, எங்கேங்கறதுல இருக்கு.” அந்த வரியை ஒரு எழுத்து மாற்றாமல் மறுநாள் காலை வரை ஓடவிட்டேன். தப்பு ஓடிய அளவுக்குத் திருத்தமும் ஓட வேண்டும் இல்லையா?

அடுத்து ராணியம்மா ஒரு காகிதம் கேட்டார். நகராட்சி அலுவலகத்துக்கு வாய்ப் பேச்சு செல்லாது, விவாதம் முடிந்தது என்று எழுத்தில் வேண்டும். நாங்கள் எழுதினோம். எங்கள் லெட்டர் பேடில், ரப்பர் ஸ்டாம்பு குத்தி, ‘புவி வெப்பமாவதற்கு மனிதச் செயல்களே காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் முடிவுற்றது என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ உலகத்தில் வேறு எந்தக் கேபிள் டிவியும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்திருக்காது என்று நினைக்கிறேன்.

பேராசிரியை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில் ஆய்வு தொடர்கிறது என்ற வரியும் வேண்டும் என்று பிடிவாதம்.

“அந்த வரியைப் போட்டா அவங்க அதைத்தான் பிடிச்சுப்பாங்க” என்று நான் கெஞ்சினேன். “ஐப்பசி வந்துட்டே இருக்கு.”

“அப்போ என் பேரை எடுத்துடுங்கோ.”

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றோம். ராணியம்மாதான் முடித்து வைத்தார்.

“அவங்க சொல்ற மாதிரியே எழுதும்மா. போன தபா உன் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை சேத்த, நாலு மாசம் போச்சி. இப்ப உன் இஷ்டத்துக்கு ஒண்ணை எடுக்காத.”

எழுதினேன். புரட்டாசிக் கடைசியில் உத்தரவு வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். ‘விவாதம் முடிவுற்றதாகச் சான்று பெறப்பட்டுள்ளது. எனினும் எவ்வளவு என்பதில் ஆய்வு தொடர்வதால், முதற்கட்டமாகக் கோரப்பட்ட நீளத்தில் பாதிக்கு மட்டும் கூரை அமைக்க அனுமதிக்கப்படுகிறது.’

ஐப்பசியில் பாதிக் கொட்டகை நின்றது. ஒரு நாள் விடிகாலை வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பி ராணியம்மா பாவைக் கட்டினார். நான் கேமராவோடு போயிருந்தேன். முன் பாதி கூரைக்கு அடியில், பின் பாதி திறந்த தெருவில். கஞ்சி காய்வதற்குள் தூறல் ஆரம்பித்தது. தெருவே ஓடி வந்தது. தார்ப்பாய், குடை, கோணி, கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்தார்கள். ஏகாம்பரம் கடையிலிருந்த அகலமான தாம்பாளங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பேராசிரியை கல்லூரிக்குக் கிளம்பிய புடவையோடு ஒரு குடையின் கீழே நின்றார், குடை பாவுக்கு, அவர் முழுக்க நனைந்துகொண்டிருந்தார். முதலாளி அவரிடம் மைக்கை நீட்டினார்.

“மேடம், இந்த மழைக்குக் காரணம் இன்னா?”

“தெரியாது. மைக்கைக் கீழ வெச்சுட்டு அந்த முனையைப் பிடிங்கோ.”

முதலாளி மைக்கைக் கீழே வைத்தார். அடுத்தவர் சொன்னதை அவர் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாவு பிழைத்தது. ஓரத்தில் ஒரு முழம் நனைந்ததை ராணியம்மா வெட்டி எடுத்துவிட்டார். வெட்டும்போது என்னைப் பார்த்தார். அந்த ஒரு முழம் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து, திரையின் கீழே மூன்று வரி ஓடவிட்டேன். ‘இன்றைய மழைக்குக் காரணம் தெரியாது. பூமி சூடாவதற்குக் காரணம் தெரியும். பாதிக் கூரைக்குக் காரணம் நகராட்சி அலுவலகத்தில் விசாரிக்கவும்.’

முதலாளி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து படித்தார். முதல் இரண்டு வரி இருக்கட்டும், மூன்றாவதை எடுத்துவிடுங்கள் மேடம், வம்பு என்றார். நான் எடுக்கவில்லை. அவர் ஆடாத நாற்காலியைத் தேடி உட்கார்ந்து அந்த வரி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதிக் கூரை தை மாதம் வந்தது.